சிப்பியின் வாயில் வெள்ளைக் குறுணி

எங்கள் வீட்டு ஹோலில் ஒரு கண்ணாடித் தொட்டி நிற்கிறது. கடல் தண்ணீர்த் தொட்டி. மகளின் புருசன் ஃபிரிட்ஜ் திருத்துகிறவர். பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைப் பிரித்து, தொட்டித் தண்ணீரைக் குளிராக்க அவரே ஒரு கருவி செய்து பூட்டியிருக்கிறார். உள்ளே கல்லும் பவளமும் நாலைந்து மீனும். நடுவில் தட்டையான ஒரு கல்லின் மேல் அந்தச் சிப்பி. இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தால் வருகிற அளவு. வெளிநாட்டுப் பண்ணை ஒன்றில் வளர்ந்து கொழும்புக் கடைக்கு வந்தது. அங்கிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். விளக்கு எரிந்தால் அது வாயைத் திறந்து, நீலச் சேலையின் கரைபோலச் சதையை வெளியே விரிக்கும். மருமகன் வேலையால் வந்ததும் சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால்தான் குந்துவார்.

இதெல்லாம் நான் கதவிடுக்கால் பார்த்தது. எங்கள் பக்கத்தில் மாமி மருமகனோடு முகம் பார்த்துப் பேசுவதில்லை. இப்போது பலர் அதை விட்டுவிட்டார்கள். என்னால் முடியவில்லை. பதினொரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் ஹோலுக்கு வந்தால் நான் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவேன். "சாப்பாடு மேசையில இரிக்கு எண்டு சொல்லு மகள்" என்பேன். அவரும் "மாமிக்கு மருந்து முடிஞ்சிட்டா எண்டு கேளு" என்பார். நடுவில் நிற்கிற மகள், "ரெண்டு பேருக்கும் நான் என்ன டெலிபோன் கம்பியா?" என்று சிரிப்பாள்.

மகள் டீச்சர். பரீட்சைப் பேப்பர் திருத்தப் பத்து நாளைக்குக் கண்டிக்குப் போனாள். வீட்டில் அவரும் நானும் மட்டும். சாப்பாட்டை மேசையில் வைத்து மூடியைக் கொஞ்சம் சத்தமாகப் போடுவேன். அவருக்கு விளங்கும். பத்து நாளையும் அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் நாள் சிப்பி சரியாக விரியவில்லை. மூன்றாம் நாள் இன்னும் சுருங்கிக் கிடந்தது. அவர் தொட்டித் தண்ணீரைச் சின்னப் போத்தலில் எடுத்து, மருந்து விட்டு நிறம் பார்த்தார். தண்ணீரில் பிழை இல்லை போலும். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அன்றைக்குச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

அடுத்த நாள் விடியப்புறம் தேத்தண்ணி வைக்க எழும்பினேன். தொட்டி விளக்கு தானாக எரியும் நேரம் இன்னும் ஆகவில்லை. டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். சிப்பி ஓட்டின் விளிம்பில் குறுணி அரிசி ஒட்டினதுபோல் வெள்ளையாக ஏதோ இருந்தது. கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தேன். குறுணி நகர்ந்தது. கூரான நத்தைகள். ஒவ்வொன்றும் சிப்பியின் சதையில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

 அவற்றை எனக்குத் தெரியும். வாவியில் எடுத்துக் கறிக்கு விற்கிற மட்டிச் சிப்பியின் வாயோரத்திலும் இப்படி ஒட்டியிருக்கும். கழுவும்போது தேங்காய்த் தும்பால் உரசிவிடுவோம், அவ்வளவுதான்.

மட்டி வாங்கினால் உடனே ஆக்க முடியாது. மணலைக் கக்குவதற்கு அரை நாளாவது உப்புத் தண்ணீரில் கிடக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்னால் பெரியகல்லாற்றில் இருந்து ஒருத்தி மட்டி கொண்டுவந்தாள். "மருமகனுக்கு ஆக்கிக் குடுங்ககா, பொறகு பொண்டாட்டிட கறிய ஏறெடுத்தும் பாக்கமாட்டார்" என்று பகடி பண்ணினாள். வெட்கத்தில் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். சட்டியில் உப்புக் கரைக்கப் போகும்போது தொட்டிக்குக் கீழே இருக்கிற பெட்டி நினைவுக்கு வந்தது. மேலே இருந்து தண்ணீர் அதற்குள் விழுந்து, சுத்தமாகித் திரும்பவும் மேலே ஏறும். ஓடுகிற உப்புத் தண்ணீர். இதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது? வலைப்பையில் மட்டியைக் கட்டி அதற்குள் தொங்கவிட்டேன். மத்தியானம் எடுத்து ஆக்கினேன். ஒரு மணல்கூடக் கடிபடவில்லை. அவர் இரண்டாம் தரமும் கறி கேட்டார் என்று மகள் சொல்ல, எனக்குத் தலைகால் தெரியவில்லை.

நத்தையைக் கண்ட அன்று பின்னேரம் மகள் கண்டியில் இருந்து போன் எடுத்தாள். நத்தையைச் சொன்னேன். வலைப்பையைச் சொல்லவில்லை.

"அவர்கிட்ட நீங்களே சொல்லுங்கம்மா."

"நீ சொல்லு புள்ள."

"கண்டது நீங்க. கண்டியில இரிக்கிற நான் அங்க இரிக்கிற நத்தைக்குச் சாட்சி சொல்லுறதா?"

ஆனாலும் சொல்லியிருக்கிறாள். அவர் வந்து, விளக்கு எரிகிற தொட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். வெளிச்சத்தில் அவை ஓட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. "ஒண்டையும் காணல்ல. மாமி சோத்துப் பருக்கையக் கண்டிரிப்பா" என்று போனில் சொல்லிச் சிரித்தார். குசினிக்குள் நின்ற எனக்கு ஆத்திரம் வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நத்தை இல்லையென்றால் என் பிழையும் இல்லை. சிப்பி செத்துப்போகும். ஏன் செத்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

மறுநாள் விடியப்புறம் பார்த்தேன். முந்திய நாளைவிடக் கூட இருந்தன. சிப்பி வாயை மூடவும் பலம் இல்லாமல் கிடந்தது. அவருடைய அறை வாசலில் போய் நின்றேன். என்னவென்று கூப்பிடுவது? ஒரு நாளும் அவரை எந்தச் சொல்லாலும் கூப்பிட்டதில்லை. குசினிக்குத் திரும்பி வந்தேன். பிறகும் போனேன்.

"மகன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. கதவைத் தட்டி, "மகன், எழும்பி வாங்க" என்றேன்.

சாரனை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன மாமி? கண்டியில அவவுக்கு ஏதுமா?"

தொட்டியடிக்குப் போனேன். டோர்ச்சைச் சிப்பியின் மேல் பிடித்தேன். அவர் குனிந்து கிட்டப் பார்த்தார்.

உப்புத் தண்ணீர் வாளியைக் கொண்டுவந்தார். சிப்பியைக் கல்லோடு சேர்த்து மெதுவாகத் தூக்கி வாளிக்குள் வைத்தார். "அடியில கல்லப் பிடிக்கிற நார் இரிக்கு மாமி. அது அறுந்தா ஆள் முடிஞ்சிது" என்றார். பல் துலக்கும் மெல்லிய பிரஷ் ஒன்றால் விளிம்பைத் தேய்த்தார். மடிப்புகளுக்குள் பிரஷ் போகவில்லை. நான் டோர்ச்சை அவர் கையில் கொடுத்துவிட்டு விரல் நுனியால் தடவித் தடவி எடுத்தேன். ஓட்டில் ஒரு இடம் வழுவழுவென்று பட்டது. "இது நத்தைட சினை" என்று நகத்தால் சுரண்டினேன்.

"எங்கால வந்திச்சோ தெரியா. ரெண்டு வருசமா இதுக்குள்ள புதுசா ஒண்டும் விடல்ல" என்றார்.

என் கை நின்றுவிட்டது. மட்டியைச் சொன்னேன், வலைப்பையைச் சொன்னேன், மத்தியானம் எடுத்ததையும் சொன்னேன். வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் எழும்பினார். பிரஷைக் கழுவினார். சிப்பியைத் தொட்டிக்குள் வைத்தார். கீழ்ப்பெட்டியைத் திறந்து அதற்குள்ளும் டோர்ச் அடித்தார்.

"இனி மட்டியச் சட்டியில போடுங்க" என்றார். சிரிக்கவில்லை.

சினை கொஞ்சம் தப்பியிருந்தாலும் பொரித்து வந்துவிடும் என்பதால் ஒவ்வொரு விடியப்புறமும் பார்க்க வேண்டியிருந்தது. அவர் தூக்குவார், நான் தடவுவேன். முதல் நாட்களில் கை நிறைய வந்தது. பிறகு நாலு, மூன்று. ஒரு நாள் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத நாளைத்தான் நான் கொஞ்சமும் நம்பவில்லை.

அதற்கு அடுத்த நாள் வெல்லாவெளியில் ஒரு கடையின் ஃபிரிட்ஜ் திருத்த அவர் இருட்டோடு போய்விட்டார். நான் தனியே கல்லைத் தூக்கினேன். தண்ணீர் சீமெந்துத் தரையில் கொட்டியது. நாரைப் பார்த்தேன், அறுந்திருக்கவில்லை. சிப்பியின் சதை மடிப்புக்குள் ஒரு நத்தை இருந்தது. எடுத்து நசுக்கினேன். திரும்ப வைத்துவிட்டு, விளக்கு எரியும்வரை ஹோலில், அவர் குந்துகிற இடத்தில் இருந்தேன்.

விளக்கு எரிந்தது. சிப்பி உடனே அசையவில்லை. நான் அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப்போயிருக்கும். பிறகு மெல்ல ஒரு பக்கம் நீலம் வெளியே வந்தது.

போன் அடித்தது. மகளாக்கும் என்று எடுத்தேன்.

"மாமி, விரிஞ்சிட்டா?"

"ஓம் மகன்" என்றேன். "ஒரு பக்கம் விரிஞ்சிரிக்கு. மத்தப் பக்கம் இன்னும் இல்ல."

"வைக்காதீங்க, பாத்துச் சொல்லுங்க" என்றார். போனைக் காதில் வைத்தபடி நான் மற்றப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.