ஏழு கிலோ தாய்மாமன் சீர்

பலராமன் விமானத்தில் போகப்போகிறார் என்ற சேதி சோரியாங்குப்பம் முழுக்கப் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. பரப்பியவரே அவர்தான். டீக்கடையில் சொன்னார், சலூனில் சொன்னார், பால் சொசைட்டியில் பால் ஊற்ற வந்து நின்றவர்களிடம் அவர்கள் கேட்காமலே சொன்னார். ஐம்பத்து மூன்று வயது மனிதர், வெள்ளிக்கிழமை மதியம் ஆகாயத்தில் இருப்பேன் என்று சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்துக்கொண்டிருந்தார். குதிக்கட்டுமே, நமக்கென்ன வந்தது!

பாகூரில் ஒரு நெல் மண்டியில் முப்பது வருஷமாக எடை போடுகிறவர் அவர். மூட்டையைத் தட்டில் ஏற்றி, எண் ஓடி நின்றதும், மனசுக்குள் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். விற்கிறவரும் வாங்குகிறவரும் மறுபேச்சுப் பேசியதில்லை. எடை விஷயத்தில் அவருக்கு இருந்த கர்வத்தை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது.

இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் இருந்தது. தங்கை ருக்குமணி ஐதராபாத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம். பலராமன் சீரோடு போய் இறங்கியபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் மடி இல்லையென்று ருக்குமணியின் மாமனாரே பையனை மடியில் வைத்துக்கொண்டுவிட்டார். "பொறந்த வூட்டு அக்கறை அவ்ளோதான்" என்று நாலு பேர் காதுபட வேறு சொன்னார். ருக்குமணி அன்று அழுத அழுகையைப் பலராமன் இன்னும் மறக்கவில்லை. இப்போது அவள் மகள் கீதாஞ்சலிக்கு, சனிக்கிழமை காலை காதுகுத்து. முந்தின நாளே போய் நிற்க வேண்டும், முழுச் சீரோடு நிற்க வேண்டும். ஒரு பொருள் குறைந்தாலும் தங்கைதான் தலைகுனிய வேண்டியிருக்கும்.

டிக்கெட்டை ருக்குமணியே சலுகை விலையில் போனில் எடுத்திருந்தாள். மலிவு டிக்கெட் என்பதால் பெரிய பெட்டியெல்லாம் ஏற்ற முடியாது. கையோடு ஒரு பை, ஏழு கிலோ, அவ்வளவுதான். விதிகளை அவள் வாட்ஸப்பில் அனுப்ப, பலராமனின் மனைவி தேவி உரக்கப் படித்தாள்.

"கத்தி, கத்திரிக்கோலு கூடாது. எண்ணெ, தண்ணி நூறு மில்லிக்கு மேல கூடாது. தேங்காகூட கூடாதாம்."

"தேங்கா இன்னாடி பண்ணுது? அது இன்னா குண்டா?"

"என்னியக் கேட்டா? நானா ப்ளைட்டு வுடறேன்? தேங்காய அங்க போயி வாங்கிக்க. பொட்டி அம்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு, இருபத்தஞ்சு சென்டிமீட்டருக்குள்ள இருக்கணுமாம்."

பக்கத்துத் தெரு வேன் ஓட்டும் பாக்யராஜ், தன் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த சக்கரப் பெட்டியை இரவல் கொடுத்தான். பலராமன் அதை டேப் வைத்து மூன்று முறை அளந்தார். சரியாக இருந்தது. பிறகு சீர் சாமான்களை மண்டிக்கே எடுத்துப்போய் மின்தராசில் அடுக்கினார். பித்தளைத் தாம்பாளம், குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, தங்கைக்குப் புடவை, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, தேவி சுட்ட அதிரசம், முறுக்கு, மாதுளை, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம். ஒரு மாதுளையை எடுத்தார், நாலு அதிரசத்தைச் சேர்த்தார். ஏழு கிலோவில் எண் நின்றது. தங்கத் தோடு மட்டும் சட்டைப்பையில்.

"ஒரு குந்துமணி கூடக்கொறைய இல்ல" என்று மண்டியே கேட்கும்படி சொன்னார்.

வெள்ளிக்கிழமை பாக்யராஜின் வேனில் லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னாலேயே போய்விட்டார். உள்ளே எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் விமானம் வந்து நின்றதும், தெரியாத ஒருவர் கையைப் பிடித்து, "அதுதான் நம்மளுது!" என்றார். அவரும் பாவம், ஆமாம் என்றார்.

அந்த வேடிக்கையில் வரிசைக்குக் கடைசியாகத்தான் வந்தார். கவுன்டரில் கல்பனா என்ற பெண், பெட்டியைத் தராசில் வைக்கச் சொன்னாள்.

"ஒம்போது கிலோ அறுநூறு இருக்கு, ஐயா. ஏழுதான் எடுத்துட்டுப் போலாம்."

பலராமன் சிரித்தார். "பொட்டி எடையக் கழிச்சியாம்மா?"

"எதுக்குக் கழிக்கணும்? பொட்டியோட சேத்துதான் ஏழு."

சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது. முப்பது வருஷத்தில் சாக்கோடு சேர்த்து ஒரு எடையை அவர் சொன்னதில்லை, யாரும் அவரிடம் கேட்டதுமில்லை. "இன்னாம்மா அநியாயமா இருக்குது!" என்றார். கூடுதல் எடைக்குக் கட்ட வேண்டிய தொகையை அவள் சொன்னாள். டிக்கெட் விலையே அவ்வளவு இல்லை. அவர் பையிலும் அவ்வளவு இல்லை. இருபது நிமிஷத்தில் கவுன்டரை மூடிவிடுவார்கள் என்றும் சொன்னாள்.

ஓரமாக உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். எதை எடுப்பது? தாம்பாளம் இல்லாமல் சீரை எதில் வைப்பது? அதிரசத்தை எடுத்தால் தேவியின் மூன்று நாள் பாடு போச்சு. வேட்டியை எடுத்தால் மாப்பிள்ளைக்கு அவமரியாதை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். மறுபடியும் ஒரு சபையில், மறுபடியும் அந்த மாமனார் எதிரில், ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டு நிற்பது கண்ணில் வந்தது.

எல்லாம் தரையில் பரந்து கிடந்தன. பெட்டி மட்டும் காலியாக, கைப்பிடியை நீட்டிக்கொண்டு, பளபளவென்று நின்றது. பலராமன் அதைக் கையால் தூக்கிப் பார்த்தார். ரெண்டு அறுநூறு!

"அட, கழிக்க வேண்டியது ஒன்னியத்தான்டா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை விரித்தார். கசங்கினால் தேய்த்துக்கொள்ளலாம். நடுவில் தாம்பாளம், அதில் அதிரசமும் முறுக்கும், சுற்றிலும் துணிமணி, மேலே பழம். நாலு முனையையும் சேர்த்து, மண்டியில் கட்டுகிற கட்டாக இறுக்கிக் கட்டினார். காலிப் பெட்டியை வாசல் காவலர் வாங்கி, விமானம் கிளம்புவதைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வெளியே நின்ற பாக்யராஜிடம் கொடுத்தார். அவன் கண்ணாடி வழியே "இன்னாண்ணா ஆச்சு?" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

மூட்டை தராசில் ஏறியது. ஏழு. கல்பனா எண்ணைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"முன்னாடியே எட போட்டீங்களா, ஐயா?"

"அதுதாம்மா நம்ம தொழிலே!"

பாதுகாப்புச் சோதனையில் மூட்டையை ஒரு முறை அவிழ்த்துக் கட்டச் சொன்னார்கள், சந்தோஷமாகக் கட்டினார். விமானம் கிளம்பி மூக்கைத் தூக்கியதும் "ஏய்... ஏய்!" என்று கத்தினார். ஜன்னலுக்கு வெளியே கடல் சாய்ந்தது, தென்னந்தோப்பெல்லாம் கொத்தமல்லிக் கட்டு அளவுக்குச் சுருங்கியது. பக்கத்து சீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பலராமன் மூடவே இல்லை.

ஐதராபாத்தில் வெளியே வந்தபோது ருக்குமணி கீதாஞ்சலியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் மாமனார். தோளில் பட்டு மூட்டையோடு வருகிற மனிதரைப் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ருக்குமணி "அண்ணா" என்றாள். கீதாஞ்சலியின் கையைப் பிடித்து மாமனுக்கு ஆட்டிக் காட்டினாள்.

மாமனார் இரண்டடி முன்னால் வந்து கும்பிட்டார். "வாங்க தாய்மாமா, வாங்க. மூட்டைய இப்பிடிக் குடுங்க, நான் வாங்கிக்கறேன்."

பலராமன் மூட்டையைத் தோளில் ஒரு முறை ஏற்றிப் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும் மாமா. சீர நாந்தான் தூக்கியாரணும்."