காய்ச்சல் இல்லாத நாளில் வந்த ஆப்பிள்

புனேயில், வாகட்டில் நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்த புதிதில், அப்பாவும் அம்மாவும் போசரியிலிருந்து வந்து சில நாள் தங்கினார்கள். அம்மா லிஃப்டைப் பார்த்து அசரவில்லை. பால்கனியிலிருந்து கீழே பார்த்தும் அசரவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தவள்தான் அப்படியே நின்றுவிட்டாள். திறந்த கதவைப் பிடித்தபடி, வெளுத்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏட்டி, யாருக்கு ஒடம்பு சரியில்ல?”

“யாருக்கும் ஒண்ணும் இல்லையேம்மா.”

“பெறவு என்னத்துக்கு இம்புட்டு ஆப்பிளு?”

கீழ்த்தட்டு முழுக்க ஆப்பிள் கிடந்தது. என் கணவர் வாராவாரம் வாங்கிப் போடுவார். பாதி சாப்பிடுவோம், பாதி தோல் சுருங்கிக் குப்பைக்குப் போகும். அம்மா என் பேச்சை நம்பவில்லை. தரையில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தடியில் புறங்கையை வைத்தாள். பிறகு என் நெற்றி. அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் எங்கள் எல்லோரையும் திகைக்க வைத்தது. மாப்பிள்ளை இருக்கும் அறையில் நாற்காலியில் உட்காரவே கூச்சப்படுகிறவள், நேராகப் போய், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த என் கணவரின் நெற்றியில் கையை வைத்துவிட்டாள். அவர் கோயம்புத்தூர்க்காரர், மரியாதை தெரிந்தவர். அசையாமல் உட்கார்ந்துகொண்டு, அத்தைக்கு என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே என்னைக் கேட்டார். அவர் வாயோரம் சிரிப்பு இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கை எதற்குப் பயப்படுகிறது என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் நாங்கள் அதே புனேயின் போசரியில் ஒரு சாலில் இருந்தோம். நீளமாக ஒரே வராந்தா, அதையொட்டி வரிசையாக ஒற்றை அறை வீடுகள். அப்பா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வந்தபோது அப்பாவும் அம்மாவும் பாத்திரம் பண்டத்தோடு ஒரு சட்டத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆப்பிள், சாத்துக்குடி, ரஸ்க், பேக்கரி ரொட்டி எல்லாம் சீக்காளிக்கு மட்டும். நல்ல உடம்புக்காரன் அதைத் தின்பது, அடிபடாத காலில் கட்டுப் போட்டுக்கொண்டு திரிவது போல. அப்படிச் செய்தால் நிஜமாகவே அடிபட்டுவிடும் என்றும் அம்மாவுக்கு ஒரு பயம் உண்டு.

அதனால் எனக்கும் தம்பிக்கும் காய்ச்சல் என்றால் திருவிழா. அப்பா சாயங்காலம் பழுப்புக் காகிதப் பையில் ஒரே ஒரு ஆப்பிளோடு வருவார். அம்மா அதைச் சீவி, ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டிப் படுத்திருப்பவர் வாயில் ஊட்டுவாள். படுக்காதவருக்குத் தோல். அதுதான் பங்கு, அதில் மேல்முறையீடு கிடையாது. தம்பிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது அவன் கன்னம் வீங்கிய முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு மெதுவாக விழுங்கினான். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அவன் தூங்கியதும் எப்படியாவது ஒட்டிக்கொள்ளட்டும் என்று என் கன்னத்தை அவன் கன்னத்தோடு வைத்து அழுத்தினேன். பாழாய்ப்போன வீக்கம் எனக்கு வரவே இல்லை.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து நான் பார்த்ததில்லை. வந்திருக்கும். சொல்லியிருக்க மாட்டார். வாங்கி வருவது அவர் வேலை, சீவுவது அம்மா வேலை, தின்பது எங்கள் வேலை.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மராத்திக் குடும்பம் இருந்தால் என்ன ஆகும்? அந்த வீட்டம்மாவைக் காக்கு என்று கூப்பிடுவோம். நாங்கள் குடிபோன மறுநாள் காலையில், காக்குவின் பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து டீயில் பாவ் ரொட்டியைத் தோய்த்துத் தின்பதை அம்மா பார்த்தாள். பிள்ளைகள் மட்டும் இல்லை, காக்குவும் தின்றாள். காக்குவின் மாமியாரும் தின்றாள். அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். “அய்யோ பாவம், வீடு பூராவும் படுத்துக் கெடக்கு” என்றாள். அடுத்த நாளும் ரொட்டி. அதற்கடுத்த நாளும். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு செம்பு நிறைய மிளகு ரசம் வைத்துக்கொண்டு போய்க் காக்குவிடம் நீட்டி, தனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையில், “புகார்?” என்று, காய்ச்சலா எனக் கேட்டாள். காக்குவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வாங்கி, வீட்டிலிருந்த அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்துக் குடித்தும்விட்டார்கள். கண்ணில் நீர் வழியச் செம்பைத் திருப்பிக் கொடுத்த காக்கு, கூடவே எங்களுக்கு இரண்டு பாவும் வைத்துக் கொடுத்தாள். அம்மா அதைத் தொடவே பயந்தாள்.

நானும் தம்பியும் ஆளுக்கொன்று தின்றோம். ஒரு காய்ச்சலும் இல்லாமல் ரொட்டி! ரொட்டியைத் தினமும் தின்னும் மனிதர்கள் பக்கத்து அறையிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றுமே ஆவதில்லை என்பது என்னால் தாங்கமுடியாத செய்தி. போகப் போக ரொட்டியை அம்மா மன்னித்துவிட்டாள். ஆப்பிளை விடவில்லை.

இந்தச் சட்டத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர், அப்பாவுக்குப் பக்கத்து லேத்தில் வேலை பார்த்த மராத்திக்காரர். காகா என்போம். தீபாவளிக்குச் சக்லி டப்பாவோடு வருவார். அம்மா கொடுக்கும் முறுக்கைக் கடித்துவிட்டு, இது என் சக்லியைத் திருடிச் செய்தது என்று வம்பு வளர்ப்பார். அப்பாவும் அவரும் மத்தியானம் ஒரே பெஞ்சில் டப்பாவைப் பிரித்து, ஆளுக்கு ஆள் மாற்றித்தான் சாப்பிடுவார்கள். “உங்க வீட்டுல ஆப்பிள் திங்கணும்னா மொதல்ல படுக்கணும்” என்று தம்பியைச் சீண்டுவார். அப்பாவிடம், “நானும் ஒருநாள் படுக்குறேன், எனக்கும் கொண்டு வருவியா?” என்று இந்தியில் கேட்பார். கொண்டு வருகிறேன், முதலில் படு என்பார் அப்பா. இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அது மார்கழி. போசரியில் குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கும் குளிர். அம்மா கோதுமை அரைக்க மாவு மில்லுக்குப் போயிருந்தாள். அப்பா வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்தார். வாசலிலேயே நின்று என் கையில் ஒரு பையைக் கொடுத்தார். கனமான பை. என் முகத்தைப் பார்க்காமல் நேராகக் குளிக்கப் போனார்.

பையைத் திறந்து பார்த்தேன். ஆப்பிள். ஒன்று இல்லை, பை நிறைய! தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் நல்ல உடம்போடு நின்றுகொண்டிருந்தோம். தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வாழ்க்கையில் சொர்க்கம் இப்படிப் பையோடு வந்து இறங்கும் என்று நினைத்ததே இல்லை. பாயில் எல்லாவற்றையும் கொட்டி, பெரியது எது, சிவப்பு எது என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள்.

மாவு டப்பாவை இறக்கி வைக்கக்கூட இல்லை. இடுப்பில் டப்பாவோடு தம்பி நெற்றியைத் தொட்டாள். என் நெற்றியைத் தொட்டாள். “யாரு வாங்கியாந்தா?” அப்பா என்றோம். “அப்பா எங்க?” குளிக்கிறார் என்றோம்.

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எங்களுக்கு ஒன்றும் இல்லை என்றால், வீட்டில் மிச்சம் இருப்பது யார்? அந்தக் கணக்கை அவள் போட்ட அதே நேரத்தில் நானும் போட்டுவிட்டேன். கையிலிருந்த ஆப்பிள் பாயில் விழுந்தது. அப்பாவுக்குத்தான் ஏதோ. ஒரு ஆப்பிளோடு தீராத பெரிய சீக்கு. பை நிறைய வேண்டியிருக்கிற சீக்கு.

அப்பா துண்டோடு வந்தார். அம்மா அவர் நெற்றியில் கை வைத்தாள். ஐஸ் போல இருந்திருக்க வேண்டும், கையை வெடுக்கென்று எடுத்தாள்.

“ஒடம்புக்கு என்ன செய்யுது?”

“எனக்கு என்ன? ஒண்ணுமில்ல.”

“பெறவு எதுக்கு ஆப்பிளு?”

“சும்மாதான். பிள்ளைய திங்கட்டும்னு.”

எங்கள் வீட்டில் யாரும் சும்மா ஆப்பிள் வாங்கியதில்லை. அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். “எங்கிட்ட என்னத்த மறைக்கிய? ஆஸ்பத்திரிக்குப் போனியளா? நெசத்தச் சொல்லுங்க.”

“போனேன்” என்றார் அப்பா.

அப்பா சாகப்போகிறார் என்று நினைத்தேன். சந்தேகமே இல்லாமல் நினைத்தேன். தம்பி ஒன்றும் புரியாமல் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் அப்பாவின் தலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அம்மா கையில் விழுந்தது. அம்மா நிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தாள். தலைமுடி முழுக்க நனைந்து, நீர் தோளில் வழிந்துகொண்டிருந்தது. அப்பா தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது சனிக்கிழமை காலையில், எண்ணெய் தேய்த்து, வெந்நீரில். அன்று செவ்வாய்க்கிழமை. பொழுது இறங்கிய நேரம். பச்சைத் தண்ணீர். வெளியே போய்விட்டு வந்தவர், வீட்டுக்குள் ஒன்றையும் தொடாமல், தலையோடு ஊற்றியிருக்கிறார். காய்ச்சல்காரன் அப்படிச் செய்ய மாட்டான். இழவு வீட்டுக்குப் போய் வந்தவன்தான் செய்வான்.

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. குரலே இல்லாமல், “யாரு?” என்றாள்.

அப்பா பாயில் உட்கார்ந்தார். காகாவின் பெயரைச் சொன்னார். மத்தியானம் டப்பாவைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். கை கழுவிவிட்டு வந்து மெஷினைப் போடப்போன காகா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கம்பெனி வண்டியில் கொண்டுபோனார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் அப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். வாசலில் எல்லா ஆஸ்பத்திரி வாசலையும் போலப் பழவண்டி.

“நான் படுத்தா கொண்டு வருவியான்னு கேட்டுக்கிட்டே இருப்பான்லா. நெறைய வாங்கிட்டுப் போனேன். பாத்ததும் சிரிப்பான்னு நெனச்சேன்.” அப்பா பாயில் கிடந்த ஆப்பிள்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். “மேல போனா, துணியப் போட்டு மூடிட்டாங்க. அவன் பொண்டாட்டி நிக்கா. அவ கையில இதக் குடுக்க முடியுமா? கீழ போடவும் மனசு வரல.”

அப்பா இல்லை. சாகப்போவது அப்பா இல்லை. எனக்கு வந்த நிம்மதியில் அழுகை பீறிட்டது. அடுத்த கணமே, முறுக்கைக் கடித்துக்கொண்டு வம்பு வளர்க்கும் முகம் நினைவுக்கு வந்து, அந்த நிம்மதியே பயங்கரமாக இருந்தது. மத்தியானம் சாப்பிட்ட மனிதர் சாயங்காலம் இல்லை என்பது நடக்கக்கூடிய காரியம் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆப்பிள்களைப் பையில் அள்ளினாள். “செத்தவருக்கு வாங்குனத வீட்டுல வைக்கக் கூடாது. பிள்ளைய வாயில படவே கூடாது.”

அப்பா அவள் கையிலிருந்து பையை வாங்கினார். அவர் அம்மாவின் சட்டத்தை மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஒரு ஆப்பிளை எடுத்து, சீவவில்லை, நறுக்கவில்லை, தோலோடு அப்படியே கடித்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெதுவாக மென்றார். விழுங்கினார். கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா?” என்று என்னைக் கேட்டார்.

இத்தனை வருடமாக வாங்கி வந்தவர், இதற்கு முன் இதைத் தின்றதே இல்லையா? அப்பா மறுபடி கடித்தார். அப்போதுதான் அழுதார். மெல்லவும் முடியாமல், துப்பவும் முடியாமல், வாயில் ஆப்பிளோடு அழுதார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் துண்டால் துவட்டத் தொடங்கினாள். காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

மிச்ச ஆப்பிள்கள் காக்கு வீட்டுக்குப் போயின. அவர்களுக்குத்தான் எதைத் தின்றாலும் ஒன்றும் ஆகாதே.

அதற்குப் பிறகு அப்பா அவ்வப்போது சும்மாவே ஆப்பிள் வாங்கி வந்தார். அம்மா தடுக்கவில்லை. பழக்கப்படவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் எங்கள் நெற்றிகளைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கத்தியை எடுப்பாள்.

வாகட்டில் அன்று என் கணவரின் நெற்றியிலிருந்து கையை எடுத்தவள், அத்தோடு நிற்கவில்லை. சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அப்பாவிடம் போனாள். அவர் நெற்றியைத் தொடவில்லை. தலைமுடிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அப்பா கண்ணைத் திறக்காமலே, “காஞ்சுதான் இருக்கு” என்றார்.

“சரி” என்று அம்மா என்னிடம் திரும்பினாள். “அப்ப ஆப்பிள எடு, நறுக்குவோம்.”