முனிரத்தினத்துக்குத் தெலுங்கு தெரியும்

முனிரத்தினத்துக்குத் தெலுங்கு தெரியாது என்று நான் சொன்னது பொய்! ஜில்லா அணிக்கு ஆள் பொறுக்க வந்த பெரியவரிடம், திருப்பதி மைதானத்தில், கூசாமல் சொன்ன பொய்.

நான் புத்தூர்ப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். உயரம் தாண்ட என்னிடம் இரண்டு பையன்கள். எந்தக் காலை ஏன் ஊன்ற வேண்டும் என்று வெங்கடரமணாவுக்குக் காரணம் சொன்னால் போதும், தாண்டிவிடுவான். அதே காரணத்தை முனிரத்தினத்துக்கும் சொன்னேன். கம்பைத் தட்டினான். தெலுங்கில் சொன்னேன். தட்டினான். தமிழில் சொன்னேன். தட்டினான். கத்தினேன்!

எந்தக் கிராமம் ஆந்திரத்துக்கு, எது சென்னைக்கு என்று ஊரே அடித்துக்கொண்ட சமயம். பால் திரிந்தாலும் மொழிதான் காரணம்! நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

முனிரத்தினமோ நகரிச் சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுகிறவன்.

"சொல்லிக்கினே கீறீங்களே சார்... எல்லாம் புரியுது. காலுக்குத்தான் ஏறல. ஒரு தபா எகிறிக் காட்டுங்க, புடிச்சிக்குவேன்."

"நான் என்ன சர்க்கஸ்காரனா? சொன்னதைச் செய்டா!"

உங்களிடம் மறைப்பானேன்? அந்தக் கம்பை எனக்கே தாண்ட வராது.

திருப்பதியில் எல்லா முறையும் தட்டினான். பெரியவர் தெலுங்கில் கேட்டார்: "ஏமய்யா, இவனைப் போயா ஆகா ஓகோன்னே?"

"தெலுங்கு புரியாத பையன் சார். எவ்வளவுதான் சொல்றது?"

"அப்ப எல்லைக்கு அந்தாண்டை போற ஆளு. நமக்கெதுக்கு?" பேரை அடித்துவிட்டார்.

பக்கத்திலேயே நின்றான் முனிரத்தினம். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது அவனுக்கு!

பிறகு மைதானத்து மறுகோடிக்குப் போனான். வேறு ஊர்ப் பையன் ஒருவன் தாண்டிக்கொண்டிருந்ததை உற்றுப் பார்த்தான். ஓடினான்... தாண்டினான்! கம்பு அசையவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெங்கடரமணாவுக்குக் காரணம், இவனுக்குக் காட்சி... இவ்வளவுதானா? இதைத் தெரிந்துகொள்ளாமல் கல்லூரியில் என்ன கிழித்தேன்?

பெரியவர் கூப்பிடு தூரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

பஸ்ஸில் முனிரத்தினம் சுத்தத் தெலுங்கில், "நாக்கு தெலுகு ராது கதா, சார்" என்றான். எனக்குத்தான் தெலுங்கு வராதே, சார்! அதன்பின் அவன் மைதானத்துப் பக்கமே வரவில்லை.

ஓராண்டாயிற்று. மறுபடியும் ஆள் பொறுக்குகிறார்கள். பெரியவரிடம் உண்மையைச் சொல்வேனா? தெரியாது... அதை மட்டும் கேட்காதீர்கள்.

விடியற்காலையில் யாருமில்லாதபோது தாண்டிப் பழகுகிறேன். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்; கம்பு விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனாலும் நாளை அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவேன். வந்தால் வாயைத் திறக்காமல் அவன் முன்னால் ஓடித் தாண்டுவேன். விழுந்தால் சிரிக்கட்டும்.

வராமலே போனால்...?