கிளெமென்டினா குப்பையிலிருந்து எடுத்த கையேடுகள்

நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பக்கங்கள். இந்த எண் மனதில் இருக்கட்டும். அத்தனையையும் ஸ்கேன் செய்தது ஒரே ஒருத்தி.

மாசச்சூசெட்ஸில் ஒரு கணினித் தொழிற்சாலையில் கையேடுகளுக்குப் பிழை பார்த்தவள் கிளெமென்டினா மெதைரோஸ். தொழிற்சாலையை மூடிய அன்று கையேடுகளைக் குப்பையில் கொட்டினார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. ஏழு நடை காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். பிறகு இருபது வருஷம், முதுகுத் தையலை வெட்டித் தாள் தாளாக ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டாள். அந்தத் தொழிற்சாலையின் பழைய இயந்திரத்தை இன்னும் ஓட்டுகிறவர்கள் சும்மா எடுத்துக்கொண்டார்கள். பதினோரு பேர் மொத்தத்தையும் நகல் எடுத்துத் தங்கள் சர்வரிலும் திறந்து வைத்திருந்தார்கள்.

இருபதாவது வருஷம் ஏப்ரலில் அவளுடைய சர்வர் இருந்த இடத்துக்கு வாடகை இரண்டு மடங்கானது. நன்கொடை பத்தவில்லை. ஜூன் முடிவுக்குள் கட்டாவிட்டால் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள்.

பணம் தருகிறோம் என்று ஓர் அறக்கட்டளை வந்தது. அது அனுப்பிய ஆள் ப்ரெண்டிஸ் ஹோல்கம். அவள் சமையலறையில் காப்பி குடித்தபடி கேட்டான்.

"வருஷத்துக்கு எத்தனை பேர் படிக்கிறாங்கம்மா?"

"தெரியாது."

"தோராயமா?"

"இன்னும் பதினோரு எடத்துல இருக்கு. அங்கெல்லாம் வாசல்ல நின்னு தலையா எண்ண முடியும்?"

"எண்ணிக்கை இல்லாம எங்க போர்டு கையெழுத்துப் போடாது. அந்த நகலையெல்லாம் நிறுத்துங்க. எல்லாரும் உங்ககிட்டயே வரட்டும். எண்ணிடலாம்."

அவன் போனதும் வால்ட் டுபிட்ஸ்கி ஆரம்பித்தான். அதே தொழிற்சாலையில் இருந்தவன், சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன்.

"வீம்பு பண்ணாத டினா. அந்தப் பதினோரு பேரும் எத்தன நாளைக்கு வச்சிருப்பாங்க? ஒத்த எடத்துலயாவது உசுரோட இருக்கட்டும்."

"ஒத்த எடம்னா ஒத்த பூட்டு. சாவி அவங்க கையில. நம்ம ஃபேக்டரியப் பூட்டினப்ப நீ வெளிய நின்னு அழுதியே, மறந்துபோச்சா?"

"அழல. தூசி. வேற வழி இருந்தா சொல்லு."

ஹோல்கம் குடித்த கோப்பையை டினா கழுவிக் கவிழ்த்தாள்.

"எழுதித் தொலை" என்றாள்.

பழைய இயந்திரக்காரர்களின் மெயில் குழுவில் வால்ட் எழுதினான்: ஜூலை ஒன்று முதல் முழு நகல் கிடையாது, வைத்திருப்பவர்களும் அழித்துவிடவும். இந்தக் கூட்டத்தோடு முப்பது வருஷம் பழகியவன் செய்யக்கூடாத காரியம். ஒன்று கிடைக்காமல் போகப்போகிறது என்று காதில் விழுந்தால் போதும், என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். முதலில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அன்று மத்தியானமே சர்வர் திணறியது. நாலாம் நாள் ஹோல்கம் போன் செய்தான்.

"போர்டுக்குக் காட்டலாம்னா பக்கமே தொறக்கல!"

"வரிசையில நில்லுங்க சார்," என்றாள் டினா. "உங்களுக்கு முன்னாடி நகல் எடுக்க ஆஸ்லோக்காரன் நிக்கிறான்."

எண்ண முடியாத அளவுக்கு நகல் பரவிவிட்டதென்று அறக்கட்டளை விலகிக்கொண்டது. வால்ட் இரண்டு நாள் அவள் கண்ணில் படவில்லை. டினா குழுவில் தானே எழுதினாள்: "எவனும் அழிக்க வேண்டாம். முழுசா வச்சிருக்கறவன் பேரைக் கொடு. கேக்கறவனுக்கெல்லாம் நகல் கொடு."

ஜூன் முப்பதாம் தேதி வால்ட் சர்வரை அணைத்துக் காரில் ஏற்றினான். இனி அதற்கு வாடகை கட்டத் தேவையில்லை. டினா பெயர்ப் பட்டியலுக்குப் பிழை பார்த்தாள். இரண்டு தடவை வந்த பெயர்களை அடித்தாள். கூட்டினாள்.

முழு நகல்கள்: இருநூற்று ஆறு.