நான் மாற்றிவைத்த வரிசை

என் மகளின் லேப்டாப்பில் கைவைத்தவன் நான்தான். அந்தப் பழி நஸ்ரின் என்ற பெண்ணின் மேல் விழுந்தபோது, அதைத் தடுக்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டவனும் நான்தான்!

பிள்ளைகளே... ஞாயிறுதோறும் கோயிலில் பாய் விரித்து உட்கார்ந்து என் பைபிள் பாடத்தைக் கேட்கிறீர்கள். பொய் பேசாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லும் இதே வாய் நான்கு வருடமாக ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஆகையால் இந்த வாரப் பாடத்தாளில் கதை இல்லை. இதுதான் இருக்கிறது.

என்னை உங்களுக்குத் தெரியும். செய்யூர்ப் பக்கமிருந்து சவுக்குக் கட்டை ஏற்றி வரும் வண்டியை ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு நின்றவன். உங்களுக்குக் கொடுக்கும் தாள்களை என் மகள் மெர்சியின் லேப்டாப்பில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித்தான் தயாரிக்கிறேன்.

அந்த ஒரே பெட்டிக்குள் அதை இயக்கும் சிஸ்டம் இரண்டு இருந்தன. ஒன்று விண்டோஸ், நான் தமிழ் தட்டப் பழகியது அதில். மற்றொன்று லினக்ஸ், மெர்சியின் கல்லூரி வேலை முழுவதும் அதில். அதைப் போட்டுக் கொடுத்தவள் அவளோடு படித்த நஸ்ரின், கோவளத்துப் பெண். பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்களும் வரும். ஐந்து நொடிக்குள் நமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தவறினால் லினக்ஸ் தானாகத் திறந்துவிடும்.

ஐந்து நொடி... உங்களுக்கு அது தாராளம். எனக்கோ கண்ணாடியைத் தேடி மூக்கில் மாட்டுவதற்குள் முடிந்துபோகும்! மறுபடி அணைக்க வேண்டும், மறுபடி போட வேண்டும்.

"இன்னாப்பா நீ, சந்துக்குள்ள அந்தப் பெரிய வண்டிய ரிவர்ஸ் எடுக்குற, ஒரு பட்டன அமுக்க வரல உனுக்கு?" என்று மெர்சி சிரிப்பாள்.

அன்பான சிரிப்புதான். ஆனால் என் மனம் அன்றைக்கு அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பெற்ற மகளிடம் எத்தனை தடவைதான் கேட்பது? வெட்கம்... வெறும் வெட்கம்!

அது அவர்களுடைய கடைசி வருடம். மெர்சியும் நஸ்ரினும் சேர்ந்து ஒரு புரோகிராம் செய்திருந்தார்கள். கடலுக்குப் போகிற படகுக்காரர்களுக்குக் காற்றையும் அலையையும் தமிழில் பேசிச் சொல்லும் புரோகிராம். நான் கைவைத்த நாளுக்கு மறுநாள் காலை அதைக் கல்லூரியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்குக் காட்ட வேண்டும். நஸ்ரின் அன்று காலையில் பென்டிரைவ் போட்டு எதையோ ஏற்றி வேலையை முடித்துக் கொடுத்திருந்தாள். மெர்சி லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு, அறிக்கையை பைண்டிங் செய்யத் திருக்கழுக்குன்றம் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

எனக்கு அன்று லோடு இல்லை. செல்போன் வீடியோவில் ஒருவர் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துப் பாடநோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். பெட்டி விழிக்கும்போதே ஒரு பட்டனை அமுக்கு. ஒரு பட்டியல் வரும். அதில் விண்டோஸை முதல் வரிசைக்கு ஏற்று. பதிந்துவிட்டு வெளியே வா.

அவ்வளவே! கறுப்புத் திரையே வரவில்லை. நேராக விண்டோஸ் வந்து நின்றது. ஏதோ சாதித்துவிட்டவனைப் போல எனக்கு நெஞ்சு விம்மியது. அந்த வாரப் பாடத்தை ஒரே மூச்சில் தட்டி முடித்தேன்.

கறுப்புத் திரை போனால் மெர்சியின் பக்கத்துக்கு வழியே இல்லாமல் போகும் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் மாற்றியதை அவளிடம் ஏன் சொல்லவில்லை? சிரிப்பாள் என்றுதானே? ஆம்... அதற்காகத்தான். அன்று மாலை முழுவதும் அவள் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பெட்டியைத் திறக்கவே இல்லை.

மறுநாள் பிற்பகல் அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். நான் கையில் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றிருந்தேன்.

"எல்லாம் போச்சுப்பா! லினக்ஸே காணோம். மூணு தபா ஆப் பண்ணிப் போட்டோம், விண்டோஸ்தான் வருது. நஸ்ரின்தான் நேத்து பென்டிரைவ் போட்டு இன்னாமோ நோண்டினா. எல்லார் முன்னாடியும் அவளத் திட்டிட்டேன். நாளான்னைக்கு ஒரே ஒரு சான்ஸ் குடுத்துக்கீறாங்க. அதுக்குள்ள எங்கருந்து செய்யறது?"

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதே வாய் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நானும் வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா?

"நான்தான் அப்பவே சொன்னேனே, அடுத்தவங்க கைல மிஷினக் குடுக்காதன்னு."

நான் அப்படி எப்போதுமே சொன்னதில்லை, பிள்ளைகளே! ஒரு தப்பை மறைக்க ஒரு பொய்... அதுவும் என் வீட்டில் என்னோடு உட்கார்ந்து எத்தனையோ முறை சாப்பிட்ட பெண்ணின் மேல்!

மறுநாள் காலை நஸ்ரின் மாமல்லபுரத்தில் பஸ் மாறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மெர்சி உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வரமாட்டியாடி? சரி, அங்கயே இரு. மிஷினு எங்க கீது அங்கிள்?" என்று கேட்டு, கூடத்து மேசையில் உட்கார்ந்தாள்.

மேசைமேல் என் பாடநோட்டு திறந்து கிடந்தது. அதில் பென்சில் எழுத்து... என் கோணல் எழுத்து! நான் எடுப்பதற்குள் அவள் கண் அதில் விழுந்துவிட்டது. வரி வரியாகப் படித்தாள்.

"அங்கிள், இத யாராச்சும் மாத்துனாங்களா?"

"எனுக்கு இன்னாம்மா தெரியும்?"

இரண்டாம் வாய்ப்பையும் அப்படித் தொலைத்தேன். அவள் நோட்டை மெதுவாக மூடி என் பக்கம் நகர்த்தினாள். பிறகு அதே பட்டனை அமுக்கி, அதே பட்டியலைத் திறந்து, வரிசையைப் பழையபடி வைத்தாள். கறுப்புத் திரை வந்தது. லினக்ஸ் வந்தது. படகு, காற்று, அலை... ஒன்றும் அழியாமல் இருந்தது!

இன்னும் ஏதோ தட்டினாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"அஞ்சு செகண்ட முப்பது ஆக்கிக்கீறேன் அங்கிள். மெதுவா கண்ணாடி போட்டுகினு அமுக்கலாம்."

பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "மெர்சி, வாடி வெளிய! எல்லாம் கீது. என் மேலதான் தப்பு, வரிச மாறிப்போச்சு. நல்லா நாலு குத்து குத்திட்டுப் போ!"

மெர்சி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "சரி போ, மன்னிச்சிட்டேன்" என்றாள். தப்பே செய்யாதவள் தலைகுனிந்து அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்!

இரண்டு பேரும் தேறினார்கள். உங்களுக்கு நான் அன்றிலிருந்து கொடுத்த தாள்கள் எல்லாம் அந்த முப்பது நொடியின் தயவில் பிறந்தவை. நஸ்ரினுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டவன்! என்னை என் மகளின் முன்னால் சிறுமைப்படாமல் காத்தவள் அவள். தட்டவே வராத கைக்குத் தமிழ் தட்டச் சொல்லிக்கொடுத்த மகளுக்கும், என் கோணல் வரிகளைச் சத்தம் போட்டுப் படிக்கும் உங்களுக்கும் தினமும் ஜெபத்தில் நன்றி சொல்கிறேன். நன்றி சொல்ல எனக்கு நன்றாக வருகிறது... மன்னிப்புக் கேட்கத்தான் வரவில்லை.

இந்தத் தாளை மெர்சிக்கு இன்னும் காட்டவில்லை. உங்களில் யாராவது வீட்டில் போய்ச் சொல்வீர்கள். அது அவள் காதுக்கு எட்டும். நானே சொல்லத் துணியாமல் உங்கள் வாயை நம்பியா இதை எழுதுகிறேன்? அப்படியானால் இதுவும் கோழைத்தனம்தானே? எனக்குத் தெரியவில்லை...

போன மாதம் மெர்சி தன் சம்பளத்தில் ஒரு புது லேப்டாப் வாங்கினாள். அதைப் பார்க்க நஸ்ரின் வந்திருந்தாள். "குடுடி, இதுலயும் ரெண்டு சிஸ்டம் போட்டுத் தரேன்" என்று ஆசையாகக் கையை நீட்டினாள்.

"ஐயோ தாயே, நீ மட்டும் வேணாம்! ஒரு தபா பட்டதே போதும். வேற ஆளு பாத்துக்கிறேன்" என்றாள் மெர்சி.

இருவரும் சிரித்தார்கள். நீட்டிய கை மட்டும் மெல்லத் திரும்பி நஸ்ரினின் மடிக்குப் போயிற்று. அதை நான் பார்த்தேன். டீ எடுத்து வந்தவன் அவர்கள் எதிரிலேயே நின்றேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"டீ ஆறிடப்போவுது, குடிங்கம்மா" என்றேன்.

நஸ்ரின் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.