பெரிய வியாழனில் வந்த கப்பல்

விளாத்திகுளத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போய், அங்கே லாஞ்சில் ஏறிக் கடலில் நிற்கும் கப்பலுக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். என் காரியத்துக்காகவே போகிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் ஜாஸ் சங்கீதம் சொல்லிக் கொடுப்பதில் எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டவன் எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். நானும் போய்ச் சேரவில்லை. பயணம் போனது 1947 பங்குனியில், உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால்.

யுத்த காலத்தில் கல்கத்தாவில் ராணுவக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். சாயங்காலம் ஆனால் அமெரிக்கச் சிப்பாய்கள் வாத்தியங்களோடு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களிடம்தான் கிளாரினெட் கற்றுக்கொண்டேன். ஜாஸில் முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, தாளில் எழுதாததை, அந்த நிமிஷம் மனசில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். நான் எப்படியோ வாசித்துவிட்டேன். இன்னொருவனுக்கு அந்தத் துணிச்சலை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாரான பிறகும் அது விடவில்லை.

ஒரு கல்லூரியில் அதற்கென்றே மேற்படிப்பு தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். பதில் வந்தது. வெளிநாட்டு மாணவனுக்கு ஓர் இடம், கப்பல் செலவும் அவர்களே. ஒரு நிபந்தனை மட்டும். அவர்களுடைய பேராசிரியர் கீழ்த்திசைப் பயணம் வருகிறார். அவருடைய கப்பல் தூத்துக்குடியில் இரண்டு தடவை நிற்கும், மாசியில் கல்கத்தா போகும்போது ஒரு நாள், பங்குனியில் திரும்பும்போது ஒரு நாள். அதில் ஒரு நாள் நான் ஒரு பாண்டு கோஷ்டியைக் கப்பலுக்கே கூட்டிவந்து, அவர் கண் முன்னால் ஒரு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எந்த நாள் என்று நானே தேர்ந்து சொல்லலாம்.

அண்ணன் தானியக் கடைக்காரர். கடிதத்தை வாசித்துச் சொன்னதும் முதலில் சிரித்தார். "வாசிக்கதுக்கே பட்டம் வேண்டாம்லா. சொல்லிக்குடுக்கதுக்குப் பட்டமாலே?" என்றார். சிரித்து முடித்து, கல்லாப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். மாசி நாள் தேய்பிறை அஷ்டமி. பங்குனி நாள் வளர்பிறை, வியாழக்கிழமை. "இதுல யோசிக்க என்னலே இருக்கு? அன்னைக்குக் காரியத்த முடி. மறுநாளே உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் பொறப்பட்டுருவோம்" என்றார். எனக்கும் இன்னும் ஏழு வாரம் கிடைத்தால் நல்லதென்று பட்டது. பங்குனி என்றே எழுதிப் போட்டேன்.

பாண்டு கோஷ்டி தூத்துக்குடியில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. லூர்து அண்ணாச்சியும் அவர் ஆட்கள் பத்துப் பேரும். எல்லோரும் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்கள், மாதா கோயில் திருநாளுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிறவர்கள். ஐப்பசியிலிருந்து சனிக்கிழமைதோறும் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். மெட்டைப் பிடித்துக்கொள்வதில் அவர்களை அடிக்க ஆளில்லை. கொஸ்மான் என்று ஒருவன்தான் எனக்குச் சோதனை. கூட்டத்தோடு டிரம்பெட்டை அமர்க்களமாக ஊதுவான், தன் முறை வந்தால் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பான். "தனியா ஊத மாட்டேன் வாத்தியாரே, எல்லாரும் என்னையே பாக்காவ" என்பான்.

தை கடைசியில் அவர்களிடம், "பங்குனி உத்திரத்தை ஒட்டிக் கப்பல் வருகிறது" என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை. பங்குனிவரை போக முடியவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு விளாத்திகுளத்தில் பஸ் ஏறினேன். முப்பது மைல், பதினான்கு அணா. யுத்தம் முடிந்தும் அது பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடுகிற கரி பஸ்தான். குளத்தூருக்கு அப்பால் ஒரு மேட்டில் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டையில் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளவும். வேப்பலோடை உப்பளங்களைத் தாண்டும்போது கண் கூசும், கடற்காற்று மட்டும் சுகமாக இருக்கும். பகல் ஒரு மணிக்குத் தூத்துக்குடி. ஸ்டேஷன் பக்கம் சத்திரத்தில் அறை எட்டணா. குடிதண்ணீர் உப்புக் கரிக்கும், கூஜாவில் கொண்டுபோவது நல்லது.

மூன்று மணிக்குக் கடற்கரைத் தெருவில் லூர்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வழக்கமாகத் தெருமுனையிலேயே யாராவது ஊதிப் பார்ப்பது கேட்கும், அன்று ஒரு சத்தமும் இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார்.

"என்ன வாத்தியாரே, இந்த வாரத்துல வந்துருக்கீய?"

"நாளைக்குக் கப்பல் அண்ணாச்சி."

"நாளைக்கா? நாளைக்குப் பெரிய வியாழன்லா!"

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அது ஈஸ்டருக்கு முந்தின வியாழன். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் அவர்கள் வாத்தியங்களைத் துடைத்துக் கோயில் அறையில் வைத்துவிடுவார்கள். பாஸ்கு என்று அவர்கள் சொல்லும் ஈஸ்டர் திருநாள் காலையில்தான் வெளியே எடுப்பார்கள். நடுவில் நாற்பது நாளும் தொடுவதில்லை என்று நேர்ச்சை. "பங்குனி உத்திரம் எங்க காலண்டர்ல எங்கன இருக்கு? பாஸ்கு கழிஞ்சு வரும்னுல்லா நெனச்சேன்" என்றார் அவர். தவக்காலம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அது பஞ்சாங்கத்தில் போட்டிருக்கவில்லை.

ஆட்கள் ஒவ்வொருவராக வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். முதலில் வாய் திறந்தவன் கொஸ்மான். "கப்பல் அஞ்சு மைலுக்கு அங்கன நிக்கும். அங்க வச்சு ஊதுனா கரையில யாருக்குக் கேக்கும்? வாத்தியாரு படிப்பு போயிரக் கூடாது. நான் வாரேன்" என்றான். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

லூர்து அண்ணாச்சியின் மனைவி சலேத்தம்மாள் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பிறகு கொஸ்மானைப் பார்த்துச் சொன்னார்: "கரைக்குக் கேக்காது, சரி. அடுத்த வாரம் நீ மூச்சடக்கி எறங்குதது எங்கன? அதே தண்ணிக்குள்ளதான? அதுக்குக் கேக்காதாக்கும்? ஒம்பொஞ்சாதிக்கு இது மூணாவது வயிறு. ரெண்டு தங்கல. இது தங்கணும்னுதானல நேந்துருக்க?"

கொஸ்மான் பின்வாங்கவில்லை. "வாரேன்னு சொல்லிட்டேன்லா" என்றான் மறுபடியும். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் படகைத் தள்ளிவிடுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"வேண்டாம்" என்றேன்.

அதைச் சொன்ன வாயை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன். திரும்பவும் அந்த முற்றத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தால் அதையேதான் சொல்லுவேன் போலிருக்கிறது. ஆனாலும் வயிறு எரியத்தான் செய்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லாஞ்ச். போக வர மூன்று ரூபாய், ஒரு மணி நேரப் பயணம். இங்கே கரையோரம் ஆழம் கிடையாது, பெரிய கப்பல்கள் தொலைவில்தான் நிற்கும். காலையில் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். கயிற்று ஏணியில் வேட்டியோடு ஏறுவது பெரும்பாடு, கால்சட்டை உத்தமம்.

பேராசிரியர் நல்ல மனிதர். என் பின்னால் வேறு யாராவது ஏறுகிறார்களா என்று ஏணியை எட்டிப் பார்த்தார். விவரம் சொன்னேன். கேட்டுவிட்டு என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அன்றைக்கு நன்றாகவே வந்தது.

"உங்களுக்கு வாசிக்கத் தெரியும். அதை உங்கள் கடிதத்திலேயே நம்பினேன்" என்றார். "சொல்லிக் கொடுக்கத் தெரியுமா என்று பார்க்கத்தான் வந்தேன். பார்க்காததை நான் எப்படி எழுதுவேன்?"

கப்பல் எப்போது கிளம்பும் என்று கேட்டேன். பகல் இரண்டு மணிக்கு என்றார். ஞாயிற்றுக்கிழமைவரை நிற்காதா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கப்பல் என்ன, நம்மூர்க் கரி பஸ்ஸா? கை குலுக்கிவிட்டு இறங்கினேன்.

அண்ணன் முகத்தில் முழிக்கத் தெம்பில்லாமல் தூத்துக்குடியிலேயே தங்கிவிட்டேன். சாஸ்தா கோயிலுக்கும் போகவில்லை. நேரம் போகாமல் ஒரு கடையில் மக்ரூன் வாங்கி அரைப் பொட்டலம் தின்று தீர்த்தேன். அந்தத் துயரத்திலும் அது ருசியாகத்தான் இருந்தது, வாங்காமல் வராதீர்கள்.

ஞாயிறு காலை பாஸ்கு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பாண்டு எழும்பியது. சுற்றி வந்து முடித்ததும் கூட்டம் கலையத் தொடங்கியது. லூர்து அண்ணாச்சி கையைக் காட்ட, பதினோரு பேரும் கடற்கரைப் பக்கம் திரும்பி நின்று நான் சொல்லிக் கொடுத்த மெட்டை எடுத்தார்கள். ஒவ்வொருவராக முறை வந்தது. கொஸ்மானின் முறையும் வந்தது. வழக்கம்போல விட்டுவிடுவான் என்று நானே கிளாரினெட்டை வாயில் வைத்தேன். அவன் டிரம்பெட்டைத் தூக்கினான். நான் சொல்லித் தராததை, யாருமே சொல்லித் தராததை, கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். ஊரே அவனைத்தான் பார்த்தது. நான் மணலில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமாக இல்லை. அந்தப் பேராசிரியர் பார்க்க வேண்டியது அதுதான். அவர் அந்நேரம் நடுக்கடலில் எங்கேயோ இருந்தார்.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பங்குனி, சித்திரையில் கடல் சாதுவாக இருக்கும். லாஞ்சுக்கு முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். துறைமுக ஆபீஸில் பெயர் கொடுக்க அரை மணி ஆகும். நாள் குறிக்கும்போது உங்கள் பஞ்சாங்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். யாரை நம்பிப் போகிறீர்களோ அவர்கள் வீட்டுச் சுவரில் என்ன தொங்குகிறது என்றும் பாருங்கள்.

கொஸ்மானுக்கு ஆனியில் பெண் குழந்தை பிறந்தது, பிழைத்துக்கொண்டது. கல்லூரியில் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்று கடிதம் வந்தது. சனிக்கிழமைகளில் நான் இன்னும் தூத்துக்குடிக்குப் போகிறேன். ஒரு நாள் பேச்சுவாக்கில், மாசி மாதம் அந்தக் கப்பல் முதலில் வந்து நின்ற நாள் எப்படியிருந்தது என்று லூர்து அண்ணாச்சியிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"விபூதிப் புதனுக்கு முந்துன வாரம்லா அது? தண்ணி கலங்கலு வாத்தியாரே, ஒருத்தரும் சங்கு குளிக்கப் போவல" என்றார். "பதினோரு பேரும் கரையில சும்மாதான் ஊதிக்கிட்டுக் கெடந்தோம்."