ஓர் ஆள் நிற்கும் இடைவெளி

கோயம்பேட்டில் காலை பதினொரு மணிக்குத் திருப்பதி பஸ் ஏறினேன். தோளில் கேமராப் பை, மடியில் ஃபிளாஷ் பெட்டி, காலடியில் ஸ்டாண்டும் வெள்ளைக் குடையும். கல்யாணப் படம் எடுப்பவனின் பயணம் எப்போதும் இப்படித்தான்; பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை முறைத்த பிறகே வண்டி நகரும். ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு நான் மாறியிருந்த புதிது. புதுக் கேமராவைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டே போனேன்.

நகரி வரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். திருத்தணி தாண்டிய கொஞ்ச தூரத்தில் கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறின. பேச்சு தமிழாகவே தொடர்ந்தது. மல்லாந்து படுத்தவரின் மூக்கைப் போல நகரி மலை வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது. இறங்கி விஜயபுரத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

“பெள்ளிக்கா சார்?” என்று, கல்யாணத்துக்கா என்பதைத் தெலுங்கில் கேட்டார் ஓட்டுநர். “பையப் பார்த்தாலே தெரிது. எங்க பக்கம் பாதி ஜனம் மெட்ராஸ்ல, மீதி குவைத்துல. கல்யாணம்னாதான் ஒண்ணா சேர்றாங்கோ. அப்பவும் ஒருத்தர் ரெண்டு பேர் வர முடியாம பூடுது.”

மூன்று மணிக்குக் கல்யாண வீட்டில் இருந்தேன். மணப்பெண் மஞ்சுளா, அம்பத்தூரில் என் ஸ்டூடியோவுக்கு எதிரே உள்ள துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை செய்பவள். என்னைக் கண்டதும் தனியே அழைத்துப் போனாள்.

“அண்ணா, எங்க அண்ணன் ரத்னத்துக்கு லீவு குடுக்கல. குவைத்துக்குப் போனதிலேர்ந்து ஒரு வாட்டிகூட வரல. குடும்பப் படத்துல அவனையும் சேர்த்துப் போட முடியுமா? பழைய போட்டோ வேணாம். இப்ப எப்டி கீறானோ அப்டி.”

முடியும் என்றேன். மறுநாள் படம் எடுக்கும்போது ஓர் ஆளுக்கு இடம் விட்டு நிற்கச் சொன்னேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தாலி கட்டி முடிந்து, காலை எட்டரைக்குச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரின் முன் எல்லாரையும் நிறுத்தினேன். என் இடப்பக்கமிருந்து நல்ல வெயில். மஞ்சுளாவின் அப்பாவுக்கும் அம்மா செல்லம்மாவுக்கும் நடுவே இடைவெளி. சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது செல்லம்மா வலது கையைத் தூக்கி, தன் தலைக்குக் கொஞ்சம் கீழே, காற்றில் வைத்தார்.

“கையை இறக்குங்கம்மா. பின்னால ஒட்டும்போது பொருந்தாது.”

“அவன் தோள் மேலதான் வெச்சுக்கினு கீறேன். நீ புடி தம்பி.”

சிரிப்பு நின்றுவிட்டது.  அப்படியே எடுத்தேன்.

சிறிது நேரத்தில் ரத்னமே போன் செய்தான். செல்போன் கை மாறி மாறிக் கடைசியில் என்னிடம் வந்தது. குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே பெண்ணின் முகத்தில் விழுந்த வெயில் அங்கே இனிமேல்தான் போய்ச் சேர வேண்டும். அதைக் கணக்குப் போட்டுச் சொன்னேன்.

“இன்னும் கொஞ்ச நேரத்துல மொட்டை மாடிக்குப் போங்க. வெயில் உங்க வலது கன்னத்துல விழணும். கேமராவை நெஞ்சு உயரத்துல பிடிக்கச் சொல்லுங்க. கால் வரைக்கும் தெரியணும். உயரம் எவ்வளவு?”

“விசா மெடிக்கல்ல அஞ்சடி ஏழுன்னு எழுதினாங்கண்ணா. இன்னிக்கு லீவுதான். ரூம்ல ஒருத்தன்கிட்ட கேமரா கீது, எடுத்து மெயில் பண்றேன்.”

சனிக்கிழமை புதுமணத் தம்பதியும் செல்லம்மாவும் திருமலைக்குப் புறப்பட்டார்கள். தெரிந்தவரின் கலர் லேப் திருப்பதியில் இருந்ததால் நானும் சேர்ந்துகொண்டேன். புத்தூர் வழியாகப் பஸ். மலை ஏறுவதற்கு முன்பே மகனைப் பார்த்தாக வேண்டும் என்று செல்லம்மா மஞ்சுளாவோடு லேபுக்குள் வந்து என் பின்னால் நின்றார்.

ரத்னம் அனுப்பியிருந்த மெயிலைத் திறந்தேன். அந்தக் கால இன்டர்நெட்டில் படம் மேலிருந்து கீழாக, வரி வரியாகத்தான் இறங்கும். முதலில் குவைத்தின் வெளிறிய வானம். பிறகு தலைமுடி, காதோரம் நரையோடு. நெற்றி. கண்கள். செல்லம்மா மூச்சு விடும் சத்தம் என் காதருகே கேட்டது. கடைசியில் மோவாயும் வந்தது.

“நரையை எடுத்துடுங்கண்ணா,” என்றாள் மஞ்சுளா. “கண்ணுக்குக் கீழ கருப்பையும்.”

“இருக்கட்டும்,” என்றார் செல்லம்மா.

வேலையில் இறங்கினேன். உருவத்தின் ஓரத்தைப் பெரிதாக்கி, துளித்துளியாக வெட்டி எடுத்தேன். முடியின் விளிம்பை லேசாகக் கரைத்தேன், இல்லாவிட்டால் கத்தரித்து ஒட்டிய பொம்மை ஆகிவிடும். பாலைவன வெயிலின் வெளுப்பில் கொஞ்சம் மஞ்சள் ஏற்றினேன். காலடி நிழலை அப்பாவின் நிழல் சாய்ந்த பக்கமே சாய்த்தேன். அப்பாவின் உயரத்தை அளந்து வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் ஐந்தடி ஏழுக்கு ரத்னத்தை நிறுத்தி, கடைசியாக அம்மாவின் கைக்குக் கீழே நகர்த்தினேன்.

கை சரியாக அவன் தோளுக்கு நேர் மேலே இருந்தது. ஆனால் தோளைத் தொடவில்லை. நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

உயரத்தில் தவறில்லை. அவர் கை நினைவில் வைத்திருந்த தோளில் சதை இருந்தது. படத்தில் இருந்தவன் இளைத்திருந்தான். கிளம்பும்போது மகன் எப்படி இருந்தான் என்பதை இத்தனை வருடங்கள் கழித்து வெறும் காற்றில் அளந்து காட்டியிருக்கிறார்! நான் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“தோளைக் கொஞ்சம் உப்ப வைக்கலாம்மா. ஒரு நிமிஷ வேலை. ஒடம்பு தேறின மாதிரி இருக்கும்.”

செல்லம்மா விரலால் திரையில் அந்த இடைவெளியைத் தொட்டார்.

“அவன ஒண்ணும் பண்ணாத தம்பி,” என்றார். “என் கைய எறக்கு.”

இறக்கினேன். தோள்பட்டையிலிருந்து கையைத் திருப்பி, அது விட்டுப்போன இடத்தை வெள்ளைச் சுவரால் நிரப்பி, விரல்களின் கீழே மெல்லிய நிழல் வைத்தேன். அச்சு ஈரம் காய்வதற்குள் அவர் அதைக் கேட்டு வாங்கி, முந்தானையால் மூடிக்கொண்டு மலை பஸ்ஸுக்கு நடந்தார். நான் சென்னை வண்டி பிடித்தேன்.

நரையைக் கறுப்பாக்குவதும் கன்னத்தை நிரப்புவதும்தான் அம்பத்தூரில் என் தினசரிப் பிழைப்பு. திரும்பிய பிறகும் அதைத்தான் செய்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் “எடுத்துடவா?” என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து ரத்னம் ஸ்டூடியோவுக்குப் போன் செய்தான். படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறானாம்.

“ரூமுக்குப் புதுசா வர்றவங்க கேக்கறாங்கண்ணா, தங்கச்சி கல்யாணத்துக்கு எத்தினி நாள் லீவு குடுத்தாங்கன்னு.”

“என்ன சொன்னீங்க?”

“ஒரு வாரம்னு சொல்லிக்கினு கீறேன்.”